நான் இறக்கை வைத்த பையன்

என் மகள் செத்துப்போன ஒருவனைக் காதலிக்கிறாள் என்று நான் பதினோரு நாள் நம்பினேன்.

பேய் என்று நம்பியிருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். பேய்க்கு வேப்பிலை உண்டு, எலுமிச்சம்பழம் உண்டு, உடுக்கை அடிக்க ஆள் உண்டு. நான் நம்பியது தேவதூதனை. முதுகில் வெள்ளை இறக்கை, தலைக்குப் பின்னால் வெளிச்சம், முழங்காலுக்குக் கீழே மேகம். இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்றால், அந்த இறக்கையை அவனுக்கு வைத்தவனே நான்தான்.

ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஃப்ளெக்ஸ் கடை. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கல்யாணம், கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று மனிதன் தொட்டிலில் இருந்து கிளம்பிக் கல்லறைக்குப் போகிற வழியெல்லாம் என் கடை பேனர் தொங்கும். வயதாகிச் செத்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. மாலை போட்டு, இரண்டு குத்துவிளக்கு வைத்து அனுப்பிவிடலாம். வயசுப் பையன்கள் செத்தால்தான் வேலை. கூட்டாளிகள் கண் சிவந்து வந்து நிற்பார்கள். "அண்ணே, நல்லா பெருசா இறக்கை வைங்கண்ணே" என்பார்கள். வைப்பேன். அது எப்போதோ இன்டர்நெட்டில் இறக்கிய ஒரு வாத்தின் இறக்கை. வாத்து என்று சொல்லாத வரை யாருக்கும் தெரியாது. கருப்பசாமி கும்பிடுகிற வீட்டுப் பையனாக இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிற வீட்டுப் பையனாக இருந்தாலும், என் கடைக்கு வந்தால் ஒரே வாத்து இறக்கையோடுதான் மேலே போக வேண்டும்.

போன சித்திரையில் அப்படி ஓர் ஆர்டர் வந்தது. விடியற்காலையில் போன். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன்கள். பைக் ஆக்சிடென்ட், காலேஜ் முடித்த பையன், ஆறு மணிக்குள் பேனர் பஸ் ஸ்டாப்பில் இருக்க வேண்டும். வாட்ஸப்பில் பெயரும் ஒரு பிறந்தநாள் படமும் வந்தன. நல்ல முகம். இடது புருவத்தில் சின்ன வெட்டு. அழித்துவிடலாமா என்று யோசித்து, அம்மாக்காரி தேடுவாள் என்று விட்டுவிட்டேன். பக்கத்தில் மூஞ்சியெல்லாம் கேக்காக நின்ற கூட்டாளியை அழித்தேன். அவன் கை ஒன்று தோளில் கிடந்தது, அதைத் துடைக்க மட்டும் கால் மணி நேரம் ஆனது. பிறகு இறக்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டுகிற ஆளிடம் முதல் பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். எட்டு மணிக்குக் கடைக்குத் திரும்பியபோது எனக்கு இட்லி கொண்டுவந்திருந்த மகள், "அந்தப் பேனரு காத்துல கிழிஞ்சுருச்சாம்ப்பா. போன் வந்துச்சு. அவிய வேற எடத்துல அடிச்சுக்கிறாங்களாம்" என்றாள். சித்திரையில் என்ன காற்று என்று நான் கேட்கவில்லை. இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி இருந்தது.

இது நடந்து ஆறு மாதம் கழித்து, ஐப்பசியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலை அளக்கப் போயிருந்தேன். டேப்பை இழுத்துப் பிடித்தபடி திரும்பினால் எதிர்ப்புறம் ஜூஸ் கடை வாசலில் என் மகள். கிருஷ்ணன்கோவில் பக்கம் இன்ஜினீயரிங் கடைசி வருஷம் படிக்கிறாள். காலேஜ் பஸ்ஸில் நேராக ராஜபாளையம் வந்து இறங்க வேண்டியவள். பக்கத்தில் ஒரு பையன். அவன் ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள். வீட்டில் எங்களிடம் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. புதுசு, பிரிக்காத பாக்கெட்.

எந்த அப்பாவுக்கும் வருகிற ரத்தக்கொதிப்பு எனக்கும் முதலில் வந்தது. பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் பெயர் மறக்கும், முகம் மறக்காது. முகம்தான் என் பிழைப்பு. ஒரு முகத்தைப் பெரிதாக்கி, ஓரம் வெட்டி, பருவைத் துடைத்து ஒரு மணி நேரம் பார்த்தவனுக்கு அது ஜென்மத்துக்கும் போகாது. இடது புருவத்தில் சின்ன வெட்டு.

டேப் என் கையில் இருந்து நழுவிச் சர்ரென்று உள்ளே ஓடி விரலைக் கீறியது. மண்டபத்து வாட்ச்மேன், "எத்தன அடிங்க?" என்று கேட்டார். "ஆறு அடிக்குக் கீழ" என்று நான் சொன்னேனாம். அவர் பிறகு எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் அஞ்சலி என்று போட்டிருக்கிற ஃபோல்டரைத் திறந்தேன். சித்திரை மாதத்துக் கோப்பு. மேகத்தின் மேல் நின்று அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அதே புருவம். அதே பல். சந்தேகமே இல்லை, இவன் செத்தவன். செத்தவன் ஜூஸ் கடையில் நிற்கிறான். சாத்துக்குடி ஜூஸ்.

பக்கத்துக் கடை பாய் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார். செல்போன் கவர் விற்கிறவர். இருபது வருடச் சிநேகிதம். நான் அழுதால் சிரிக்கிற அளவுக்கு நெருக்கம். அவரிடம் மட்டும் சொன்னேன்.

பாய் படத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ஏலே, ஒனக்குச் சுகர் ஏறிருச்சு."

"கண்ணால பாத்தேன் பாய்."

"சரி, செத்தவன்னே வச்சுக்க. என்ன கொறச்சல்? மாமனார் மாமியார் தொல்ல இல்ல. தண்ணியடிக்க மாட்டான். ஒரு பெட்ரோல் செலவு இல்ல, அவனே பறந்து வந்துருவான்."

"பாய், எம்மவள கூட்டிட்டுப் போயிருவானோன்னு பயமா இருக்கு."

பாய் சிரிப்பை நிறுத்தினார். என் முகத்தில் எதையோ பார்த்துவிட்டார். "ஒரே மாதிரி ஏழு பேரு இருப்பாக உலகத்துல. போயி வேலயப் பாருலே" என்று சொல்லிவிட்டு, போகிறபோது திரும்பிப் படத்தை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டே போனார். அவர் அப்படிப் பார்க்காமல் போயிருந்தால் நான் அன்றைக்கே தெளிந்திருப்பேன்.

மற்ற அப்பாமார் தங்கள் பெண் ஒருவனோடு நிற்பதைப் பார்த்தால் எந்த ஊர், என்ன ஆள், என்ன வேலை என்று விசாரிப்பார்கள். நான் விசாரிக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம்: உயிரோடு இருக்கிறானா. இதை யாரிடம் போய்க் கேட்பது? ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களிடம் கேட்டாலும் பயனில்லை. பெண் மனிதனைக் கட்ட மாட்டேன் என்கிறாள் என்றால் அந்த ஊரில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அப்படி ஓர் அப்பா அங்கே ஏற்கெனவே இருந்திருக்கிறார். அவர் மகளுக்குக் கோயிலே இருக்கிறது, வருஷா வருஷம் தேர் ஓடுகிறது. ஆனால் அவருக்கு வாய்த்த மாப்பிள்ளை பெருமாள். எனக்கு வாய்த்தவன் முன்னாள் மனிதன்.

அன்று மகள் ஆறரைக்கு வந்தாள். "பஸ்ஸு லேட்டு" என்றாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். வெளிறியிருந்தது. டியூப்லைட்டுக்கு அடியில் எல்லோரும் வெளிறித்தான் இருப்பார்கள் என்று இப்போது சொல்லலாம்.

"என்னப்பா அப்படிப் பாக்கீங்க?"

"சாப்பிட்டியா?"

"பசிக்கல."

பசிக்கவில்லை என்றதும் எனக்கு வேறு கணக்கு ஓடியது. அந்த உலகத்தில் பசி கிடையாது என்று எங்கேயோ கேட்டிருக்கிறேன். சாத்துக்குடி ஜூஸ் குடித்தவளுக்குப் பசிக்காது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாம் நாள் அவள் போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. நான் தண்ணீர் குடிக்கப் போனேன். இதை என் மனைவி நம்பவில்லை, நீங்களாவது நம்புங்கள். திரை மினுங்கியது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இல்லை, இரண்டு சின்ன இறக்கைப் படம். கீழே எழுத்து:

"நான் செத்த மறுநாள்தான் ஒன்ன மொதல்ல பாத்தேன். மறக்க முடியுமா?"

டம்ளர் கையில் இருந்தது. தண்ணீர் சட்டையில் இருந்தது. துடைப்பதற்குள் அடுத்தது வந்தது.

"ரெண்டாந்தேதி வந்துரு. கல்லறைக்கு. பூ நான் வாங்கிக்கிறேன்."

நவம்பர் ரெண்டாம் தேதி கிறிஸ்தவர்களுக்குக் கல்லறைத் திருநாள் என்பது இந்த ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். போன வருடம் அதற்குப் பத்துக்கு ஆறு சைஸில் பேனரே அடித்துக் கொடுத்தவன் நான். பயம் வந்தால் சொந்தக் கையால் அச்சடித்த தேதிகூட மறந்துபோகும். எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: செத்தவன் நாள் குறித்துவிட்டான். இடமும் குறித்துவிட்டான். பூவும் அவனே வாங்கிவருகிறான். எனக்கு இருப்பது ஒரே பெண்.

நேராக அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டு அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அதைவிட உளவு பார்ப்பது சுலபம். அடுத்த ஒரு வாரத்தில் நான்கு தடவை கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ஜூஸ் கடைக்கு எதிரே ஒரு பால்கோவாக் கடை. சும்மா நிற்க முடியாது என்பதால் கால் கிலோ வாங்கி, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் மறைந்து நின்று, சாட்சியங்களைச் சேகரித்தபடி நானே தின்று தீர்த்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு சுயம்வரக் கதை படித்திருக்கிறேன். மாப்பிள்ளை மாதிரியே தேவர்களும் வேடம் போட்டு வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பெண் எப்படிக் கண்டுபிடிப்பாள்? தேவர்களுக்குக் கண் இமைக்காது, கால் தரையில் படாது, வியர்க்காது, நிழல் விழாது. பரீட்சையில் இதற்கு ஐந்து மதிப்பெண் வாங்கினேன். நாற்பது வருடம் கழித்து உபயோகப்பட்டது.

பையன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். கண் இமைக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் ஏன் கண்ணாடி போட வேண்டும்? வியர்வை? ஒரு சொட்டு இல்லை. காலையில் இருந்து மழை தூறி ஊரே குளிர்ந்து கிடந்தது என்பது கணக்கில் வரவில்லை. நிழலும் இல்லை. வானம் மூடிக் கிடந்ததால் எனக்கும் நிழல் இல்லை, என் ஸ்கூட்டருக்கும் இல்லை, அங்கே படுத்திருந்த நாய்க்கும் இல்லை. ஆனால் நான் பார்த்தது அவனுக்கு இல்லை என்பதை மட்டும்.

கடைசியாகக் கால். இதற்குத்தான் காத்திருந்தேன். அவன் ஜூஸ் கடையில் இருந்து இறங்கி நடந்தான். வலது கால் ஒழுங்காகப் பதிந்தது. இடது குதிகால் தரையைத் தொடவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அரை அங்குலம் மேலே நின்றது. நான் குனிந்து, கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். தொடவில்லை.

"அண்ணாச்சி, ஏதும் விழுந்துருச்சா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல. ஒருத்தன் பறக்கான்" என்றேன்.

அவர் அடுத்த தடவையில் இருந்து எனக்கு முதலிலேயே பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பப் பார்த்தார்.

வீட்டில் வேறு சந்தேகம் வளர்ந்துகொண்டிருந்தது. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ மனைவி என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத் துவைக்கப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"நாலு நாளா ஸ்ரீவில்லிபுத்தூரு. எதுக்கு?"

"மண்டபம் அளக்க."

"எம்புட்டுப் பெரிய மண்டபம்? அளக்க அளக்க வளருதோ?"

நான் டேப்பைத் தேடுகிற மாதிரி குனிந்தேன்.

"சட்டையெல்லாம் பால்கோவா வாசம். வீட்டுக்கு ஒரு துண்டு வரல. சுகர்க்காரரு, நீங்களும் திங்க மாட்டீக. அப்ப யாரு திங்கா?"

நான்தான் தின்றேன் என்றால் மாத்திரைச் சண்டை. வேறு யாரோ தின்றாள் என்றால் பெரிய சண்டை. மகள் ஆவியைக் காதலிக்கிறாள் என்றால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. நான் யோசித்து, "கட்சிக்காரருக்கு வாங்கினேன்" என்றேன். "எந்தக் கட்சி?" என்றாள். எந்தக் கட்சி என்று நான் முடிவு செய்வதற்குள் அவள் போய்விட்டாள். அன்று முதல் என் போனும் சமையலறையில்தான் சார்ஜ் ஏறியது.

ரெண்டாம் தேதி வந்தது. மகள் வெள்ளைச் சுடிதார் போட்டுக்கொண்டு, "பிரெண்டு வீட்டுக்குப் போறேன், சாயங்காலம் வந்துருவேன்" என்று கிளம்பினாள். வெள்ளை. நான் வாசலில் நின்று அவள் தெருமுனை திரும்புகிறவரை பார்த்தேன். சிரிப்பாகத்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன், ஆனால் அந்த நிமிஷம் சிரிப்பு இல்லை. அவள் ஆறு வயதில் டைபாய்டு வந்து கிடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் இப்படித்தான் நின்றேன். கையைப் பிடித்து இழுத்து நிறுத்தத் தெரியாமல், வெறுமனே பார்த்துக்கொண்டு.

பாயிடம் போய் நின்றேன். சட்டைப்பையில் திருநீறு பொட்டலம். பூக்கடைக்காரம்மாவிடம் கேட்டு வாங்கிய சின்னச் சிலுவை ஒன்று. "ஒங்க பக்கத்துல இருந்தும் ஏதாச்சும் குடுங்க பாய்" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, கல்லாவில் ஒட்டியிருந்த 786 ஸ்டிக்கரைப் பிய்த்துக் கொடுத்தார். "மூணு டிபார்ட்மெண்டுலயும் அப்ளிகேசன் போட்டாச்சு. போய்ட்டு வா. பிள்ளையத் திட்டாத."

மூன்றரை மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லறைத் தோட்டத்தில் நுழைந்தேன். மங்கலாக, ஆள் அரவமில்லாமல், காக்கை கத்தும் என்று எதிர்பார்த்துப் போனவன் நான். அங்கே திருவிழாக் கூட்டம். குடும்பம் குடும்பமாகக் குடைபிடித்து உட்கார்ந்து கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், செவ்வந்தியைப் பிய்த்துச் சிலுவை மாதிரி பரப்புகிறார்கள், மெழுகுவர்த்தியை மணலில் குத்துகிறார்கள். தூறலுக்கு அது அணைகிறது. திரும்பப் பொருத்துகிறார்கள். சுண்டல் விற்கிறான் ஒருவன். இத்தனை பேர் நடுவில் யாரையும் யாரும் மேலே கூட்டிக்கொண்டு போக முடியாது என்று மூளையில் ஒரு மூலை சொன்னது. மற்ற மூலைகள் கேட்கவில்லை.

கடைசி வரிசையில் மகளைப் பார்த்துவிட்டேன். அவன் இருந்தான். இடது குதிகால் படாமல். கூட ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும், தரையில் உட்கார்ந்து பூ வைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு பெரிய கல்லறைக்கு மேல் நின்ற சிமெண்ட் தேவதூதனுக்குப் பின்னால் ஒளிந்தேன். தொழில்புத்தி எங்கே போகும்? அதன் இறக்கையை ஒரு பார்வை பார்த்தேன். என்னுடையதில் பாதிகூட இல்லை.

"அப்பா."

நான் சிலையோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன்.

"அப்பா, அந்தச் செலைக்குப் பின்னால நிக்காதீங்க. வயிறு தெரியுது."

வெளியே வந்தேன். மகள் என் எதிரே நின்றாள். முகத்தில் பயம். ஆனால் மாட்டிக்கொண்டவளின் பயம் இல்லை. அவள் என்னைப் பார்த்துவிட்டு, பூ வைத்துக்கொண்டிருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க இப்பப் போங்கப்பா. நான் வீட்டுக்கு வந்து எல்லாஞ் சொல்லுதேன். சத்தியமா. இப்பப் போயிருங்க" என்று என் கையைப் பிடித்துத் தள்ளினாள். அவள் கை சூடாக இருந்தது. அந்தச் சூடு எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று அவளுக்குத் தெரியாது.

அதற்குள் பையன் நொண்டிக்கொண்டே வந்துவிட்டான். கிட்டத்தில் பார்த்தால், மடித்துவிட்ட பேண்ட்டுக்குக் கீழே இடது கணுக்காலில் இருந்து முழங்கால் வரை தையல் தழும்பு. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். ஒரு கண் லேசாகச் சிவந்திருந்தது. இமைத்தான். இரண்டு தடவை இமைத்தான்.

பதினோரு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வசனம் எல்லாம் போய்விட்டது. "தம்பி, நீங்க உயிரோடதான இருக்கீக?" என்று கேட்டேன். செத்தவனாக இருந்தாலும் மரியாதை கொடுத்துத்தான் கேட்டேன்.

"டாக்டரு அப்படித்தான் சொன்னாரு அங்கிள்" என்றான். சிரிக்கவில்லை. பிறகு சிரித்தான். அந்தப் பல்லை நான் வெள்ளையாக்கியிருக்கிறேன், இரண்டு தடவை.

"யாருய்யா அது?" என்று அந்த அம்மா உட்கார்ந்த இடத்தில் இருந்து கேட்டாள்.

பையன்தான் சொன்னான். "இவங்க அப்பாதாம்மா."

அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஃப்ளெக்ஸ் கடைக்காரவியளா?"

"ஆமா."

"ஒங்களப் பாக்கணும்னு ஆறு மாசமா இருந்தேன். பாத்தா மூஞ்சிலேயே ரெண்டு அறையணும்னு இருந்தேன். ஒங்க பொண்ணுதான் வேண்டாம்னா. எங்கப்பாவுக்கு இது தெரிஞ்சா கடைய மூடிருவாரு அத்தே, அவருக்கு வேற வேல தெரியாது, நக்கல் பேசத்தான் தெரியும்னா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நக்கலும் வரவில்லை.

அவள் நிதானமாகச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற குரல்தான். மகனுக்குக் காலில் ஆபரேசன். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, விடிந்ததும் வீட்டுக்கு வந்து இட்லி அவித்துத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். தூணில் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆள் உயரத்துக்கு அவள் மகன். இறக்கையோடு. கண்ணீர் அஞ்சலி.

"கீழ பேரு வேறல்லம்மா போட்டிருந்துச்சு" என்றான் பையன், மெதுவாக. பல தடவை சொன்ன பேச்சு என்று தெரிந்தது.

"மூஞ்சியப் பாத்த பொறவு எவ பேரப் படிப்பா?" என்றாள் அவள். "நான் வீட்டுக்கு வந்த நேரத்துல போயிட்டான், எனக்குச் சொல்லாம பேனரு அடிச்சுட்டாகன்னு நெனச்சேன். அங்கேயே விழுந்துட்டேன். இட்லியெல்லாம் ரோட்டுல. யாரோ தூக்கி ஆட்டோவுல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாக. போனா இவன் கண்ணு முழிச்சுக்கிட்டு, ஏன் இம்புட்டு நேரம், பசிக்குன்னு கேக்கான். அர மணி நேரம் எம்மவன் செத்துக் கெடந்தான்யா. அந்த அர மணி நேரத்த யாரு திருப்பிக் குடுப்பா?"

நான் மகளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்க டீ குடிக்கப் போயிருந்தீங்கப்பா. போன நான்தான் எடுத்தேன். அந்தப் பையங்க கத்துனாங்க, அழுதாங்க. காத்துல கிழிஞ்சுருச்சுன்னு ஒங்ககிட்டச் சொல்லிட்டேன். மறுநாளு நான் ஆஸ்பத்திரிக்குப் போயி மன்னிப்புக் கேட்டேன்."

"நான் அப்பத்தான் பாத்தேன்" என்றான் பையன். "செத்த மறுநாளு." அவன் அம்மா அவன் முதுகில் ஓர் அடி வைத்தாள். இந்த வேடிக்கை அவளுக்கு இன்னும் பிடிக்கவில்லை.

எனக்கு இப்போது கேட்பதற்கு உரிமையுள்ள கேள்விகள் எல்லாம் இருந்தன. எந்த ஊர், என்ன ஆள், என்ன வேலை. வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"புடிச்சிருக்காம்மா?"

"ம்" என்றாள் மகள்.

அந்த அம்மா என் கையில் ஒரு மெழுகுவர்த்தியையும் தீப்பெட்டியையும் கொடுத்தாள். "காத்துக்கு நிக்க மாட்டேங்குது. குனிஞ்சு பொருத்துங்க." குனிந்தேன். சட்டைப்பையில் இருந்து திருநீறு, சிலுவை, பாயின் ஸ்டிக்கர் மூன்றும் கல்லறை மேல் விழுந்தன. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கல்லில் பதித்திருந்த படத்தில் சுருட்டை முடிக்காரப் பையன் ஒருவன் இருந்தான். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. பெயர் மட்டும் தெரிந்தது. நான் அடித்த பெயர்.

பைக்கில் போனது இரண்டு பேர். பின்னால் இருந்தவனுக்குக் கால் முறிந்தது. ஓட்டிக்கொண்டு போனவன் செத்துவிட்டான். அந்தப் படம் அவனுடைய பிறந்தநாள் படம். கூட்டாளிகள் அவன் முகம் முழுக்கக் கேக் பூசியிருந்தார்கள். அதற்குப் பிறகு அவன் முகம் தெளிவாகத் தெரிகிற இன்னொரு படமும் அனுப்பியிருந்தார்கள், நான் திறந்து பார்க்கவில்லை. கேக் இல்லாத முகத்தை வெட்டியெடுத்து இறக்கை வைத்தேன். தோளில் கிடந்த கையைக் கால் மணி நேரம் துடைத்தேன். செத்தவனுடைய கை அது.